புறங்கையால் தொட்டுப் பார்த்த அக்கா

திதிக் கணக்கில் எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நாட்களை எண்ணினால் முந்நூற்று ஐம்பத்து நான்கு. நினைவு மலருக்காக இக்கட்டுரையை எழுதச் சொல்லி அக்காவின் மகன் குமரேசன் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தான். மூன்று முறையும் கண் சரியில்லை என்று சொன்னேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதற்குத்தான் பயந்தேன்.

அக்கா பிறந்தது ஏரலில். தந்தையார் தொடக்கப் பள்ளி ஆசிரியர். நாங்கள் ஐந்து பிள்ளைகள். அக்கா முதல், நான் மூன்றாவது. இப்போது ஐவரில் நான் ஒருவன்தான் மீதி. அக்கா பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்து, அங்கேயே பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை ஆனார். அத்தான் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தார். ஒரு நாள் காலை நெஞ்சுவலி என்றார். பதினொரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. அப்போது குமரேசனுக்கு வயது எட்டு, அக்காவுக்கு முப்பத்து நான்கு. எனக்குத் திருமணம் ஆகவில்லை. மணிமுத்தாறு அணை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பஸ் ஏறி அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் குமரேசனும் அவனோடு படித்த ஐந்து பேரும் சேர்ந்து மெல்லிசைக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். குமரேசன் பாடுவான். கடற்கரை ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த அந்தோணி டிரம்ஸ் வாசிப்பான். ஒரு கல்யாண வீட்டில் வாடகை மைக்செட்டில் பாடிவிட்டு வந்த மறுநாள், குமரேசன் ரசம் வேண்டாம் என்று சொன்னான். ரசம் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லாதவன். அக்கா அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். கீழுதட்டில் உளுந்தளவுக்குக் கருகியிருந்தது. மைக்கில் கசிந்த மின்சாரம்.

பாட்டை விட்டுவிடச் சொல் என்று நான்தான் கத்தினேன். அக்கா கத்தவில்லை. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பழைய மிக்சர் பெட்டி ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டுப் படித்தார். ஈயம் பற்றவைக்கும் இரும்பால் கையில் நான்கு இடங்களில் சுட்டுக்கொண்டார். பள்ளி திறந்தபோது அந்தக் குழுவின் ஒலிப் பொறுப்பு முழுவதும் அக்காவிடம் வந்திருந்தது. மேடைக்குக் கீழே, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியோடு பெட்டியின் முன் உட்காருவார். ஊர்களில் முதலில் பாடகி என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்குக் காது கூர்மை. அந்தோணியை ஒருமுறை கூப்பிட்டு, "நீ அடிக்கது நல்லாத்தான் இருக்கு. அடுத்த தெருவுக்குக் கேட்டா போதும்லே, அடுத்த ஊருக்கு வேண்டாம்" என்றார். அவனும் அதற்குப் பிறகு பைய அடித்தான்.

குழுவுக்கு ஐந்து மைக்குகள், இரண்டு கிதார்கள். பையன்கள் எவரும் தொடுவதற்கு முன்னால் ஏழையும் டெஸ்டரால் ஒருமுறை, பிறகு தம் புறங்கையால் ஒருமுறை அக்கா தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட்டால் மின்சாரம் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறி விலக்கிவிடும் என்பார். அவர் அப்படித் தொடும் ஒவ்வொன்றையும் நான் எண்ணிக்கொண்டு நிற்பேன். ஏழு தொடல் முடியும்வரை மூச்சு விடமாட்டேன்.

என்னை மெயின் சுவிட்ச் அருகில் நிறுத்தினார். ரப்பர் செருப்பு, காலடியில் மரப்பலகை, கை எப்போதும் கைப்பிடியில். அக்கா இடது கையைத் தூக்கினால் நான் இழுத்து நிறுத்த வேண்டும். அறுபத்தொரு நிகழ்ச்சிகளில் அப்படி நின்றேன். ஒரு பாட்டையாவது நான் பாட்டாகக் கேட்டதில்லை. தரையில் கிடக்கும் வயர்களையும், அவற்றைத் தாண்டும் கால்களையும் எண்ணிக்கொண்டிருப்பேன். அக்கா கை தூக்கியது அந்த அறுபத்தொன்றில் இரண்டே முறை. இரண்டு முறையும் காரணம் இருந்தது.

மூன்றாவது முறை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பது சாத்தான்குளம் பக்கத்தில் நடந்தது. பொங்கல் விடுமுறையில் பள்ளி மைதானம் ஒன்றில் பகல் நேரப் போட்டி. மூன்று குழுக்கள் வந்திருந்தன. வெல்லும் குழுவுக்குத் திருநெல்வேலிப் பொருட்காட்சி மேடையில் பாட இடம். பையன்கள் அதற்காக நான்கு மாதம் பழகியிருந்தார்கள்.

அங்கே தரை முழுவதும் செம்மணல். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியை அடித்தால் பிடிப்பே இல்லாத காய்ந்த மண். கம்பியைச் சுற்றிக் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பதினான்கு வாளி. போட்டியை நடத்திய பெரியவர் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம், "வே, ஒம்ம அக்கா ஊத்துத தண்ணிக்கு அந்தக் கம்பி நாளைக்கு வேர் விட்டுக் குலை தள்ளிரும் போலிருக்கே" என்றார்.

அக்கா நிமிராமல் பதில் சொன்னார். "குலை தள்ள வேண்டாம் அண்ணாச்சி. இந்த ஆறு பயலுவளும் முழுசா வீடு போய்ச் சேந்தா போதும்."

எங்கள் குழுவுக்கு மூன்று பாட்டுகள். இரண்டு முடிந்தன, கைதட்டல் மற்றக் குழுக்களுக்குக் கிடைத்ததைவிட நிச்சயமாக அதிகம். மூன்றாவது பாட்டின்போது தூறல் விழுந்தது. என் முன்கையில் ஐந்து துளி எண்ணினேன். மேடைக்கு மேலே கூரை இருந்தது, ஆனால் காற்று பக்கவாட்டில் அடித்தது. குமரேசன் மைக் கம்பத்தை இரண்டு கைகளாலும் பிடித்தான். கண்களை மூடினான். கழுத்து பின்னால் சாய்ந்தது. உடம்பு விறைத்தது. ஒரே குரல் நீண்டுகொண்டே போனது. மின்சாரம் பிடித்தவனால் கையை விட முடியாது என்பது ஒன்றே எனக்குள் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழு எண்ணியும் அவன் கையை விடவில்லை. எட்டில் கைப்பிடியை இழுத்துவிட்டேன்.

மைதானம் முழுவதும் அமைதி. குமரேசன் கண்ணைத் திறந்து நின்றான். அவனுக்கு ஒன்றுமில்லை. பாட்டின் உச்சத்தை நீட்டிப் பாடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். பாதியில் நின்ற பாட்டுக்கு மதிப்பெண் கிடையாது என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். கூட்டம் ஊளையிட்டது. அந்தோணி குச்சிகளை வீசிவிட்டு, "எவன்லே சுவிட்ச ஆஃப் பண்ணது?" என்று இறங்கி வந்தான். நான் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா எழுந்து எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றார். "நாந்தான் கை காட்டினேன். மைக்ல கசிவு இருந்துச்சு. மாமாவ ஒண்ணும் கேக்காதீங்க."

குமரேசன் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டான். அதன்பின் பத்தொன்பது நாட்கள் அவன் அக்காவோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தான். அக்கா அந்த மைக்கைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஐந்தில் அதுதான் நல்ல மைக். மறுபடி வெளியே எடுக்கவே இல்லை. எடுத்தால், கசிந்த மைக்கை ஏன் எடுத்தீர்கள் என்று பையன்கள் கேட்பார்கள் அல்லவா.

அந்த வாரமே நான் அக்காவிடம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இனி சுவிட்ச் பக்கம் வரமாட்டேன் என்றேன். அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்தார்.

"அவனுக்கு என் மேல கோவம் வந்தா கொஞ்ச நாள் பேசமாட்டான், பொறவு வந்திருவான். பெத்தவட்ட வராம எங்க போவான்? ஒன் மேல வந்துட்டா, நீ பயந்துக்கிட்டு அணைக்கட்டுலயே கெடந்திருவ. பொறவு பயப்படாத ஆளையா அங்கன நிறுத்தச் சொல்லுத? எனக்கு நீதாம்லே வேணும்."

அதன் பிறகும் பதினேழு நிகழ்ச்சிகளில் நின்றேன். ஆறு பேரும் வேலைகளுக்குப் போய்க் குழு கலையும்வரை அவர்களில் எவருக்கும் மறுபடி ஒரு சூடு பட்டதில்லை. அதை அக்காவின் பெயரில்தான் எழுத வேண்டும்.

அக்காவுக்கு இரண்டு ஆண்டுகளாகச் சிறுநீரகக் கோளாறு. கடைசி ஒன்பது நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். ஆறாம் நாள் குமரேசன் கட்டில் அருகில் உட்கார்ந்து, அம்மாவைச் சிரிக்க வைக்கப் பழைய கதைகள் சொன்னான். "அன்னைக்கு மட்டும் நீ கை காட்டாம இருந்திருந்தா, நான் இந்நேரம் பெரிய பாட்டுக்காரனாயிருப்பேன்மா" என்றான். அக்கா சிரித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பயம்தான். மூன்று நாட்கள் கழித்து அக்கா போய்விட்டார்.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர் நால்வருக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த தெருவினருக்கும், அக்காவிடம் படித்த மாணவியர் சார்பில் வந்து நின்றவர்களுக்கும், விமானம் ஏறி வந்து சேர்ந்த அந்தோணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

குமரேசா, அந்தோணி, மற்ற நால்வரே: அக்கா அன்று கை காட்டவில்லை. அவருடைய இரண்டு கைகளும் பெட்டியின் மேல்தான் இருந்தன. மைக்கில் கசிவு இல்லை. நிறுத்தியது நான். குமரேசா, அந்தப் பத்தொன்பது நாட்களும் நீ பேசாமல் இருந்திருக்க வேண்டியது என்னோடு. இந்த மலரை அச்சகத்திலிருந்து நேரே திதிப் பந்தலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஆகவே எல்லோரோடும் சேர்ந்துதான் நீயும் இதைப் படிப்பாய். நான் வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். எழுந்து போகமாட்டேன்.