கார்டுக்காரர் எங்கே?

1. முதல் நாள்

தென்காசிக்கு வெளியே அந்த மொத்தவிலைக் கடை திறந்த அன்றைக்கே நான் வேலைக்குச் சேர்ந்தேன். கடை என்று சொல்வதைவிடக் குடோன் என்பதுதான் சரி. தகரக் கூரை, கூரை உயரத்துக்கு எண்ணெய் டின், மூட்டை மூட்டையாகக் கடலை மாவு. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வாங்க முடியாது. மளிகைக்கடை, ஹோட்டல், டீக்கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் மெம்பர்ஷிப் கார்டு கொடுப்பார்கள். கார்டில் போட்டோ இருக்கும். வாசலில் ஸ்வைப் செய்தால் அதே போட்டோ என் கம்ப்யூட்டரில் பெரிதாக வரும். போட்டோவில் இருப்பவரும் எதிரே நிற்பவரும் ஒரே ஆள்தானா என்று பார்த்து உள்ளே விடவேண்டும். என்ட்ரி டெஸ்க் என்று அதற்குப் பெயர். எட்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தேன்.

முதல் நாள் காலையில் மேனேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசினார். மதுரைக்காரர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மேடம், கார்டு இல்லைன்னா கலெக்டரே வந்தாலும் விடாதீங்க. அடுத்தவன் கார்டைத் தூக்கிட்டு வந்தா பெத்த தாயா இருந்தாலும் விடாதீங்க. ஒருத்தரை விட்டா ஊரே உள்ள வந்துரும்."

நான் இலஞ்சிக்காரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். வாய்க்கு ஏற்ற வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

2. சிவகிரி வேன்

சேர்ந்த மாதமே சிவகிரியிலிருந்து ஒரு வேன் வந்தது. கல்யாண வீட்டுக்குச் சாமான் எடுக்க வந்தவர்கள். மளிகைக்கடைக்காரர் ஒருவர் முன்னால் வந்து கார்டை நீட்டினார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர்.

"எல்லாம் ஒரே குடும்பந்தாம்மா. ரேஷன் கார்டே ஒண்ணுதான்" என்றார்.

"இது ரேஷன் கடை இல்ல அண்ணாச்சி. கார்டுக்காரரும் கூட ஒரு கெஸ்ட்டும்தான் உள்ள போலாம்."

"அப்ப பொண்ணுக்குத் தாய்மாமன் வெளியவா நிக்கது?"

"கல்யாணத்துல முன்னால நிக்கட்டும். இங்கன வெளியதான் நிக்கணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார். மேனேஜர் மாடியிலிருந்து பார்த்துக் கைதட்டினார். அதிலிருந்து எனக்குக் 'கார்டு அக்கா' என்று பெயர். கூசாமல் சொல்கிறேன், அது என் தலைக்கு ஏறிவிட்டது. கார்டைப் பார்ப்பேன், ஸ்கிரீனைப் பார்ப்பேன், போ என்பேன், நில் என்பேன். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் வந்தாலும் ஒரு தப்பு நடக்காது. அப்படி ஓர் எண்ணம்.

3. அவிய இல்ல

குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வரிசை நீண்டுவிடும். அருவிக்கரையில் கடை போடுகிறவர்கள் எல்லாரும் எண்ணெயும் மாவும் எடுக்க வருவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அப்படி ஒரு காலையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கார்டை நீட்டினாள். ஸ்வைப் செய்தேன். ஸ்கிரீனில் வழுக்கைத் தலையோடு ஓர் ஆண். பெயர் மாடசாமி, ஐந்தருவியில் பஜ்ஜிக் கடை.

"இது யாரு கார்டு?"

"எங்க வீட்டுக்காரவியளுக்கு உள்ளது."

"கார்டுக்காரர் எங்க?"

"அவிய இல்ல மேடம்."

தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தேன். நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. எங்கள் தெருவில் புருஷன் போய்விட்டால் நெற்றியே சொல்லிவிடும். பொட்டு இருக்கிறது, ஆகவே ஆள் இருக்கிறார், வெளியூர் போயிருக்கிறார். என் கணக்கு அவ்வளவுதான்.

"எங்க போயிருக்காரு? புனலூருக்கா? எப்ப வருவாரு?"

அவள் கார்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர் டிராலியை உருட்டிக்கொண்டு உச்சுக் கொட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வந்ததும் கூட்டிட்டு வாங்க. வரமுடியலன்னா, என் பொண்டாட்டிட்ட சாமான் குடுங்கன்னு லெட்டர் எழுதி அவரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. கையெழுத்து இல்லாம வந்துராதீங்க."

"கையெழுத்தா?"

"ஆமா, கையெழுத்து. அடுத்த ஆளு வாங்க."

மாடசாமி பங்குனி மாதம் நெஞ்சுவலி வந்து இறந்துபோயிருந்தார். அது எனக்குத் தெரியாது. செத்துப்போனார் என்று நம் பக்கத்தில் கட்டினவள் வாயால் சொல்லமாட்டாள். 'இல்லை' என்றுதான் சொல்வாள். இது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து கேட்ட சொல். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது: ஆள் வரவில்லை.

இன்னொரு விஷயமும் பின்னால்தான் தெரிந்தது. அவள் பெயர் பேச்சியம்மாள். பதினாறாம் நாள் விசேஷத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் அவள் புருஷனுடைய அண்ணன், "பொம்பள தனியாக் கடை போட்டுருவியா? சரி, போடு. மொதச் சாரல் விழும்போது அடுப்பு பத்தியிருந்தா கடை ஒனக்கு. இல்லன்னா நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லியிருக்கிறார். சபையில் அவளும் சரி என்று தலையாட்டியிருக்கிறாள். பஜாரில் சில்லறை விலைக்கு எண்ணெய் வாங்கிப் பஜ்ஜி போட்டால் கட்டாது. அவள் கடை அவளுக்கு நிலைக்க வேண்டுமென்றால் எங்கள் குடோனுக்குள் ஒரு தடவை வந்து போகவேண்டும். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

4. லெட்டர்

மூன்றாம் நாள் மறுபடி வந்தாள். கோடு போட்ட நோட்டுத்தாளில் லெட்டர். 'நான் வர இயலாத காரணத்தால் என் மனைவியிடம் பொருட்களைக் கொடுக்கவும்' என்று முத்து முத்தான எழுத்தில் இருந்தது. அது அவள் மகள் எழுதியது. கீழே மாடசாமி என்று கையெழுத்து.

சிஸ்டத்தில் அவருடைய பழைய கையெழுத்து உண்டு. எடுத்துப் பார்த்தேன். பழையது கோணல்மாணலாக ஏறி இறங்கும். இது அ, ஆ எழுதிப் பழகினதுபோல் இருந்தது.

"இது அவரு போட்டதா?"

"நாந்தான் போட்டேன் மேடம்."

"அவரு பேர நீங்க போட்டீங்களா?"

"நீங்கதான கையெழுத்து இல்லாம வரக்கூடாதுன்னு சொன்னிய."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். ஐந்து வருஷமாகக் கார்டு அக்கா என்று பெயர் எடுத்தவளிடம் போலிக் கையெழுத்தா! சுர்ரென்று ஏறிவிட்டது.

எங்கள் விதி இதுதான்: போலிக் கையெழுத்து பிடிபட்டால் சிஸ்டத்தில் 'மிஸ்யூஸ்' என்று போடவேண்டும், கார்டை அந்த ஆள் முன்னாலேயே வெட்டவேண்டும். போட்டேன். கத்தரிக்கோலை எடுத்தேன்.

"கார்ட மட்டும் குடுத்துருங்க மேடம். சாமான் வேண்டாம்" என்றாள்.

"கார்டு கம்பெனி சொத்து. உங்க வீட்டுச் சொத்து இல்ல."

நடுவாக வெட்டினேன். மாடசாமியின் முகத்தில் ஒரு கண் ஒரு துண்டிலும் மற்றொரு கண் மறு துண்டிலும் போனது.

அவள் கத்தவில்லை. டெஸ்க் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அவிய தனியா எடுத்த போட்டோ அது ஒண்ணுதான். செத்தபெறகு மாலை போட்டு வைக்கதுக்கே கல்யாண வீட்டுப் போட்டோவுலயிருந்து வெட்டித்தான் மாட்டியிருக்கோம். தோள்ல வேற யாரு கையோ இருக்கு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"யம்மா... அவரு..."

"அவிய இல்லன்னு அன்னைக்கே சொன்னேம்லா மேடம். வேற எப்படிச் சொல்லணும்?"

இரண்டு துண்டையும் அவள் கையில் கொடுத்தேன். அது விதிக்கு விரோதம். சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். "கொஞ்சம் இருங்க, இந்தா வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

மேனேஜர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சொன்னார்:

"மேடம், ஆள் செத்துப்போனா கார்டு அன்னைக்கே செல்லாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் கொண்டாரட்டும், அவங்க பேர்ல புதுசு போடலாம். நீங்க எதுக்குப் பதறுறீங்க? நீங்க செஞ்சது ப்ரொசீஜர்படி கரெக்ட்."

"அதெல்லாம் வர நாளாகும் சார். அதுக்குள்ள சீசன் தொடங்கிரும்."

"அதுக்கு நாம என்ன செய்ய முடியும்? மிஸ்யூஸ் போட்டாச்சு. இனி நானே நினைச்சாலும் எடுக்க முடியாது."

கரெக்ட் என்ற அந்தச் சொல்லைக் கேட்டு ஆறுதல் பட்டிருக்க வேண்டும். படவில்லை.

படியில் இறங்கும்போதுதான் புத்தி வந்தது. கெஸ்ட்! கார்டுக்காரர் ஒருவர் தன்னோடு ஒருவரைக் கூட்டிப்போகலாம் என்று சிவகிரிக்காரரிடம் அவ்வளவு வாய் பேசினேனே, அந்த விதிதான். வரிசையில் நின்ற யாரிடமாவது, "இந்தம்மாவ உங்க கெஸ்ட்டாக் கூட்டிட்டுப் போங்க, அவங்க சாமானையும் சேத்து எடுத்துக்குடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் வந்த முதல் நாளே சொல்லியிருக்கலாம். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? பிடிப்பதற்குத்தான் விதி படித்திருந்தேன், விடுவதற்குப் படிக்கவில்லை.

கீழே வந்தால் அவள் இல்லை. டெஸ்க்கை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். குற்றாலம் டவுன் பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. கையைக் காட்டினேன், நிற்கவில்லை. அவள் போன் நம்பர் என்னிடம் இல்லை. சிஸ்டத்தில் இருந்தது மாடசாமியின் நம்பர். அதைக் கூப்பிட்டேன். உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

மறுநாள் விடியும்போது சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் தொடங்கிவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு அவள் கடை நினைப்புதான்.

5. ஐந்தருவி

வார லீவு அன்று ஐந்தருவிக்குப் போனேன். நல்ல கூட்டம். ஈரத்துணியோடு ஜனங்கள் கடைகளை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். விசாரித்துக் கண்டுபிடித்தேன். வாணலி முன்னால் ஒரு பெரியவர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். மாடசாமியின் அண்ணன்.

"பேச்சியம்மாளப் பாக்கணும் அண்ணாச்சி."

"உள்ளதான் கிடக்கா. வெரசலாப் பேசிட்டு விடுங்க, கூட்டம் நிக்கி."

தார்ப்பாய்க்குப் பின்னால் அவள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை. 'வாங்க' என்று மட்டும் சொன்னாள்.

"கடை..." என்று இழுத்தேன்.

"சாரல் விழுந்துட்டுல்லா, இனி அவிய அண்ணன் பாக்காவ. நான் சீவிக் குடுக்கேன்."

"சர்டிபிகேட் வந்ததும் வாங்க. நானே நின்னு புதுக் கார்டு போட்டுத் தாரேன். அடுத்த சீசனுக்கு..."

"கடை இல்லாதவளுக்குக் கார்டு எதுக்கு மேடம்?"

உண்மைதான். கடை இருந்தால்தான் எங்கள் கார்டு. அதுவும் எங்கள் விதிதான்.

மன்னிப்புக் கேட்க வந்தவள், கேட்டேனா என்றால் அதிலும் என் பக்கத்து நியாயத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன்.

"மன்னிச்சிருங்க பேச்சியம்மா. எனக்குத் தெரியாமப் போச்சு. நீங்க பொட்டு வச்சிருந்தீங்க. அதனால அவரு இருக்காருன்னு நெனச்சுட்டேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இது எம் மக ஒட்டிவிட்டது. நாலு பேரு வந்துபோற எடத்துல மொட்டை நெத்தியோட நிக்காதம்மான்னு அழுதா" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "பொட்டப் பாத்திய, சரி. மொகத்தப் பாக்கலியா?"

முகம் பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வெளியே பெரியவர், "ஏட்டி பேச்சி, காய் எங்க?" என்று சத்தம் போட்டார். அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

6. புதிதாக வருபவர்களுக்கு

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ட்ரெயினிங்கில் எல்லாம் சொல்லித்தருவார்கள். ஸ்வைப் எப்படி, போலி எப்படி இருக்கும், வாக்குவாதம் செய்கிறவரை எப்படிச் சமாளிப்பது என்று. ஒன்று சொல்லமாட்டார்கள். ஸ்கிரீனைப் பார்க்கும் முன்னால் எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பாருங்கள். யாராவது 'அவர் இல்லை' என்று சொன்னால், எப்போது வருவார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள். வரிசை அதுவரை நிற்கும், நிற்கட்டும்.

பேச்சியம்மாள் அதன் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. மாடசாமியின் அண்ணன் மட்டும் அந்த சீசன் முழுக்க வாரம் தவறாமல் எண்ணெய் எடுக்க வந்தார். "வணக்கம் மேடம்" என்று சிரித்துக்கொண்டே புதுக் கார்டை நீட்டுவார். ஒவ்வொரு தடவையும் நன்றாகப் பார்ப்பேன். அவர் பெயரில் கார்டு, அவர் போட்டோ, அவர் முகம். எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே விடுவேன்.