எது புது ஆம்ப்ளிஃபயர்?

சிங்கப்பூரில், ஈசூன் பகுதியில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்காரருக்குப் பாட்டுக் கேட்கும் கருவிகள் என்றால் உயிர். புது ஆம்ப்ளிஃபயர் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை, வெளியே கிளம்பிய என்னை சோபாவில் உட்காரவைத்தார். ஒரு சுவிட்சைத் தட்டி, ஒரே பாட்டைப் பழையதிலும் புதியதிலும் மாற்றி மாற்றிப் போட்டார்.

“வித்தியாசம் தெரியுதா தம்பி?”

“தெரியல அங்கிள்.”

“நல்லா கேளுங்க.”

மறுபடியும் அதே பாட்டு. தேக்கா கடைத்தெருவில் நண்பர்கள் காத்திருந்தார்கள். குடியிருக்கும் வீட்டில் முகத்தை முறித்துக்கொண்டு எழுந்துபோக முடியுமா?

தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி, “தெரியுதுன்னு சொல்லிடுங்க லா, விட்டுடுவாரு,” என்று காதோடு சொன்னார். எனக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

“நீங்க கண்ணை மூடிக்குங்க அங்கிள், நான் மாத்துறேன்,” என்றேன்.

மூடிக்கொண்டார். பாட்டு ஓடியது.

“இதுதான் புதுசு. குரல் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க,” என்றார் முகம் மலர.

“இது பழசு அங்கிள்.”

எனக்குச் சங்கடமாக இருந்தது; இனி விட்டுவிடுவார் என்று மெல்ல எழுந்தேன்.

“போகாதீங்க தம்பி,” என்றார் கண்ணைத் திறக்காமலேயே. “இன்னொரு தடவை மாத்திப் போடுங்க.”

அன்று நான் தேக்காவுக்குப் போகவேயில்லை.