மகளின் எழுத்துக்கு வரவிருந்த லோயர் அண்ணை

லோயர் அண்ணை நேற்றுக் காலமாகிவிட்டார்.

மகளின் கலியாணத்துக்குத் தேங்காய் வாங்க, பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் நின்றேன். கடைக்காரர்தான் சொன்னார். "தெரியுமே, லோயர் போயிட்டார். விடிய நெஞ்சுக்குத்தாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே…"

தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தேங்காயை என்ன செய்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பை வெறுமை.

தெரியாதவர்களுக்கு… யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி. பாரிஸுக்கு வந்து என்னோடு ஒரே ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவியவர். பிறகு பாரிஸுக்குப் பக்கத்து ஊரான லெ பிளாங்-மெனிலில் ஒரு துண்டு நிலத்தில் மரக்கறித் தோட்டம். கடைசியில் நகரசபை உறுப்பினர்.

நான்? அதே ரெஸ்டாரண்டில் கழுவுவதிலிருந்து வெட்டுவதற்கு உயர்ந்தேன். வெங்காயம்.

முதல் நாள் அவரிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "அண்ணை, ஊரில கறுப்புக் கோட்டுப் போட்ட ஆளாமே?"

"ஓமடா தம்பி. இப்ப வெள்ளை ஏப்ரன். கட்சி மாறிட்டன்."

"அப்ப வழக்கு ஒண்டும் இல்லையோ?"

"ஏன் இல்லை? அந்த அடிப்பிடிச்ச சட்டி உன்ரையோ என்ரையோ? அதுதான் இண்டைய வழக்கு."

நன்றாக வாதாடினார். சட்டியை நான்தான் கழுவினேன்.

நகரசபைத் தேர்தலில் நின்றபோது ஒரு கூத்து. ஒவ்வொரு வருடமும் பனி முடிகிற நேரத்தில் தன் தோட்டத்துக் கோவாவை, அதாவது முட்டைக்கோசை, அக்கம்பக்கமெல்லாம் சும்மா கொடுப்பவர், அந்த வருடம் ஒரு இலைகூடக் கொடுக்கவில்லை.

"லஞ்சம் எண்டு ஆரும் கேஸ் போட்டால்? பிறகு நானே எனக்கு எதிரா வாதாட வேண்டி வரும்."

தோற்றார். தோட்டத்தில் கோவா எல்லாம் பூத்துப்போய் நின்றது. அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், பார்த்துவிட்டுச் சொன்னார். "வோட்டும் இல்லை, கோவாவும் இல்லை. நல்ல லோயர்!"

அடுத்த தேர்தலிலும் கொடுக்கவில்லை… வென்றுவிட்டார்.

"கோப்பை கழுவினீங்கள், மண் கொத்தினீங்கள், இப்ப சபைக்கோ?" என்று சீண்டினேன்.

"அடேய், அந்தக் காலத்து அமெரிக்காவில லோயரும் கமக்காரனும் சட்டசபைக்காரனும் ஒரே ஆள்தான். விடிய வயலும் மாடும், மத்தியானம் கோர்ட், பின்னேரம் சபை. நான் ஒரு நூற்றைம்பது வருசம் லேட். அவ்வளவுதான்."

எனக்கு அமெரிக்கா என்றால் படத்தில் பார்த்த குதிரைகள் மட்டும்தான். பெரிதாக விளங்கினவன் போலத் தலையாட்டி வைத்தேன்.

இங்கே கலியாணத்தைச் சட்டப்படி பதிவது மெரியில், அதாவது நகரசபைக் கட்டடத்தில். நாங்கள் அதை எழுத்து என்போம். நீலம் வெள்ளை சிவப்புப் பட்டி போட்டுக்கொண்டு ஒரு சபை உறுப்பினரும் அதை நடத்தி வைக்கலாம்.

மகள் அவரிடம் நேரே போய்க் கேட்டாள். "பெரியப்பா, நீங்கள்தான் எங்களை எழுத வேணும்." வீட்டில் எனக்குப் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிற பிள்ளை. முழுசாய் ஒரு தமிழ் வசனம்! லோயர் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "தூசு" என்றார்.

மெரியில் கிடைத்தது சனிக்கிழமை காலை பத்து மணி. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். ராகுகாலம்.

வேண்டாம் என்றேன்.

அவர் விடவில்லை. "உன்ர கலண்டர் யாழ்ப்பாணத்தில அடிச்சது. இஞ்சை பத்து மணி எண்டால் அங்கை மத்தியானம் திரும்பியிருக்கும். ராகு சாப்பிட்டுப் படுத்திருப்பார்."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் என் முகத்தையே பார்த்தாள். நான் பெரிய நீதவான் மாதிரி வழக்கைத் தள்ளுபடி செய்தேன்.

"சரி, வழக்குக்கு வேற தவணை எடுப்பம்" என்றார். வேண்டாமென்ற நாள் போன மாதம்; மெரியில் அடுத்துக் கிடைத்தது இந்த மாதம். வருகிற சனிக்கிழமை, ராகுகாலம் கழிந்து பதினொரு மணி.

நாங்கள் வேண்டாமென்ற அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குத் தோட்டத்திலிருந்து போன் எடுத்தார். "தம்பி, ராகுகாலம் இஞ்சை நல்லாத்தான் போகுது. வெயில் எறிக்குது. ஒரு சோடியை எழுதியிருக்கலாம்."

சிரித்தேன்.

எழுதியிருக்கலாம்…

இன்று மெரியிலிருந்து போன். வேறொரு உறுப்பினர் நடத்தி வைப்பாராம். அதே மண்டபம், அதே நேரம். "மெர்சி" என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய இறுதிக் கிரியை வியாழக்கிழமை. கலியாணத்துக்கு ஒரு நாள்தான் இடைவெளி. சம்பந்தி அம்மா உடனே போன் எடுத்தார். "கலியாண வீட்டுக்காரர் செத்தவீட்டுக்குப் போறேல்லை. பூவை மட்டும் அனுப்பிவிடுங்கோ."

நானும் வழக்கம்போல "ஓம், ஓம்" என்றேன்.

போனை வைத்ததும் மகள் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதி இதுதான்: "சனிக்கிழமை அவர் இல்லை. வியாழக்கிழமை நாங்களும் இல்லையா?"

மனைவி எழும்பிப் போய் என் கறுப்பு ஜாக்கெட்டை எடுத்து வந்து தூசு தட்டினாள். "சம்பந்தியோட நான் கதைக்கிறன். நீங்கள் இனி ஓம் ஓம் எண்டாமல் இருங்கோ, அது காணும்."

மாப்பிள்ளையும் வருகிறாராம்.

வியாழக்கிழமை வாறம், அண்ணை. போயிட்டு வாங்கோ.