கண்ணாடிப் பாசிக்குச் சிவப்பு நூல்

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம் என்றால், மணப்பெண்ணின் ஜாக்கெட்டில் பாசிமணி வைத்துத் தைக்க நிஷாந்தியைத்தான் கூப்பிடுவார்கள். பகலில் மலையில் கொழுந்து பறிப்பு, பொழுது சாய்ந்தால் லயத்து வரிசை வீட்டு வாசலில் ஊசி. எத்தனையோ பெண்களை மினுங்க வைத்து அனுப்பியவள், தான் மட்டும் நாற்பத்திரண்டு வயது வரை அப்படியே இருந்துவிட்டாள். அதற்காக அவள் யாரிடமும் அழுததில்லை. அழுதிருந்தாலும் இந்த ஊர்ப் பனியில் யார் கண்டார்கள்?

நூல் விஷயத்தில் மட்டும் மகா பிடிவாதக்காரி. பருத்தி நூல் இங்கத்து ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று தொடமாட்டாள். நைலான் நூல்தான். அதையும் இழுத்து, முறுக்கி, பல்லால் கடித்துப் பார்ப்பாள். நெஞ்சிலிருந்து விரல் நுனி வரை ஒரு கை நீளம். அதற்கு மேல் வெட்டினால் சிக்கு விழும் என்பாள். கண்ணாடிப் பாசிக்குச் சொந்த நிறம் கிடையாது. உள்ளே ஓடும் நூலின் நிறத்தைத்தான் அது காட்டும். அதனால் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் நூல் வாங்கவே மாட்டாள்.

அன்று முனீராவின் தையல் சாமான் கடைக்கு அவள் வந்தது தனக்காக. தை மாதம் அவளுக்கும், தேயிலை பாக்டரியில் வேலை செய்யும் யோகேஸ்வரனுக்கும் கல்யாணம். மனைவியை இழந்த மனுஷன். “ஒங்களுக்குச் சம்மதம்னா ஒங்க வீட்டுல வந்து பேசுறேன்” என்று அவர் கேட்ட நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்னும் வெளியே யாருக்கும் தெரியாது. இந்த வயதில் மணி வைத்த ஜாக்கெட் போட்டால் லயமே சிரிக்கும் என்று பயம். போடாமல் விட்டால் சாகும் வரை மனசு ஆறாது என்பதும் தெரியும்.

கடையில் அவளுடைய பக்கத்து வீட்டுச் சர்மிளா பொத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முனீரா எடுத்துக் கொடுத்த சிவப்பு நூலை நிஷாந்தி மெல்ல இழுத்தாள். வெளியே பனி கடைத்தெருவை விழுங்கியிருந்தது. அந்தப் பனிக்குள் சிவப்புச் சேலையில் ஒருத்தி நடந்து போவது போல இருந்தது. எங்கோ மேளம் கேட்டது. ரயில் கூவி அதோடு கலந்தது. அந்தச் சேலைக்காரியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும். ஆனால் அவள் திரும்பாமலே போனாள்.

“என்ன தங்கச்சி, ஹட்டன் வரைக்கும் அளக்கப் போறீங்களா?”

முனீராவின் குரலில் விழித்துப் பார்த்தால், மேசையெல்லாம் நூல், ஒரே சிக்கு. நிஷாந்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“யாருக்குக்கா நூலு?” என்றாள் சர்மிளா.

“ராகலையில ஒரு பொண்ணுக்கு.”

“வயசு என்ன?” என்று கேட்டாள் முனீரா.

பொய் சொல்லிப் பழகாத வாய். “நாப்பத்திரெண்டு.”

சர்மிளா விழுந்து விழுந்து சிரித்தாள். “பேரப்புள்ள எடுக்குற வயசுல மணி வச்ச ஜாக்கெட்டா? நல்ல கூத்துதான் போங்க!”

முனீரா சிரிக்கவில்லை. வியாபாரி அல்லவா, சிவப்பை உள்ளே வைத்துவிட்டு மண் நிற நூலை எடுத்து வைத்தாள். “இது அடக்கமா இருக்கும்.”

நல்ல நூல்தான். அதில் கோத்தால் மணி இருப்பதே தெரியாது, யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். நிஷாந்தி கையை நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் கோபம் வந்தது. சர்மிளா மேல் கொஞ்சம், நீட்டிய கை மேல் நிறைய.

“அந்தச் செவப்பையே குடுங்கக்கா. பொண்ணு நான்தான்.”

சர்மிளாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “அக்கா… சத்தியமாவா?”

முனீரா சிவப்பு நூல்கண்டை மறுபடி எடுத்தாள். “ஜாக்கெட்டுல எங்கெங்க மணி வைக்கப் போறீங்க? கைக்கு மட்டும்னா ஒண்ணு போதும்.”

“கைக்கு மட்டும்னுதான் வந்தேன்” என்றாள் நிஷாந்தி. “முதுகு முழுசுக்கும் சேத்துக் குடுங்க.”