சீரகப் பொட்டலத்தில் பதினெட்டாம் பக்கம்

ஆறு கம்ப்யூட்டர் ஃப்ளாப்பிகள். ஒரு ரப்பர் பேண்டில் கட்டுண்டு, உடைந்த மிக்சி ஜாருக்குள் கிடந்தன. இடம் கொச்சங்காடியில் ஓர் ஆக்ரிக் கடை. பழைய பேப்பரும் இரும்பும் எடுக்கும் கடைக்கு மட்டாஞ்சேரியில் அதுதான் பேர். மேலே இருந்த ஃப்ளாப்பியின் லேபிளில் கலங்கரை விளக்கம் ஒன்றின் படம், ஏதோ அட்வென்ச்சர் கேம். பார்த்ததும் என் முகம் மலர்ந்துவிட்டது. கடைக்காரச் சேட்டன் ஃப்ளாப்பியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். விலையை இரண்டு மடங்காகச் சொன்னார். நானும் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணி கூட இருந்திருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்காது.

அண்ணி பேரம் பேசும் அழகே தனி. தனக்கு வேண்டியதை அவள் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டாள். துருப்பிடித்த டேபிள் ஃபேன் ஒன்றைத் தூக்கிப் பார்ப்பாள், றெக்கையைச் சுற்றிப் பார்ப்பாள், அதற்கு அரைமணி நேரம் விலை பேசுவாள். படியாது. படியவும் விடமாட்டாள். கடைசியில் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இவ்வளவு நேரம் வீணானதற்கு இதையாவது கொடுங்கள் என்று போகிற போக்கில் ஒரு கேமை எடுத்துக்கொள்வாள். சேட்டனுக்கு அவளை அனுப்பினால் போதும் என்றிருக்கும். தெருமுனை திரும்பும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள். திரும்பியதும் என் இடுப்பில் ஒரு கிள்ளு.

அட்வென்ச்சர் கேம் என்றால் அதில் சுடுவதும் குதிப்பதும் கிடையாது. திரையில் ஒரு கதை ஓடும். நாம் அதற்குள் நடந்து, ஆட்களிடம் பேசி, சாவியைத் தேடி, பூட்டைத் திறந்து கதையை முடிக்க வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அவற்றைப் புதிதாக வாங்குவதெல்லாம் எங்களுக்கு எட்டாத காரியம். ஆனால் கப்பலில் வருகிறவர்களும், ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்களும் கழித்துப்போட்டதெல்லாம் எப்படியோ எங்கள் ஆக்ரிக் கடைகளுக்குத்தான் வந்து சேரும். கம்ப்யூட்டரும் அப்படி வந்ததுதான். வில்லிங்டன் தீவில் நான் டைப் அடித்த கம்பெனியில் கழித்த பழைய பெட்டி. எங்கள் குடும்பமும் அண்ணி பிறந்த குடும்பமும் முனிசிபாலிட்டி வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவை. அண்ணி பள்ளுருத்திக்காரி, படித்தது மலையாளத்தில். ஆங்கிலத்துக்கு மடியில் ஒரு டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு, இரண்டே வருடத்தில் ஏழு கேம்களை முடித்திருந்தாள். நான் கூட உட்கார்ந்து வாய் பார்ப்பேன், அவ்வளவுதான்.

அந்த முறை நான் தனியாகப் போனதற்குக் காரணம் இருந்தது. அண்ணி மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். முந்தைய இரண்டும் ஐந்தாம் மாதத்துக்குள் போய்விட்டன. இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பிள்ளை பிறக்கும் வரை படுக்கைதான், பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருக்கலாம். ஒரு இடத்தில் நிற்காதவளிடம் இதைச் சொன்னால் எப்படி? இரண்டாவது வாரமே துணி துவைக்கும் கல்லடியில் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு வாளியை எட்டி உதைத்துவிட்டேன். அவள் ஈரக் கையோடு நின்று அழுதாள்.

“படுத்துப் படுத்துப் பைத்தியம் பிடிக்குதுடி. செவுத்தையே எத்தனை நேரம் பாக்க?”

அன்றே கம்ப்யூட்டரைக் கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஏற்றினேன். அந்த வெளிச்சம் வயிற்றுக்கு ஆகாது என்று அம்மா சண்டைக்கு வந்தாள். டாக்டரிடமே கேட்டு, ஒன்றும் செய்யாது என்று அவர் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் அடங்கினாள். பிறகு கொச்சங்காடிக்குப் போய் அந்த ஆறு ஃப்ளாப்பிகளோடு வந்தேன். விலையைக் கேட்டதும் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

“நீ வெலைய மூஞ்சியிலயே எழுதி ஒட்டிட்டுப் போயிருப்ப.”

ஆனால் பதினோரு நாள் அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இடது பக்கமாகப் படுத்து, கீபோர்டைத் தலையணையில் சாய்த்துவைத்து, கேமில் வந்த தீவையே அலசிவிட்டாள். பன்னிரண்டாம் நாள் கதையில் ஒரு துறைமுகத்துக் கதவு வந்தது. காவல்காரன் கேட்டான்: கையேட்டில் இருபத்தேழாம் பக்கம், நான்காம் வரி, இரண்டாம் சொல் என்ன? அசல் வாங்கியவர்களிடம் மட்டும் கையேடு இருக்கும் என்பதற்காக அந்தக் காலத்தில் வைத்த பூட்டு அது. மூன்று தடவை தப்பாகச் சொன்னால் கேம் தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது.

ஆக்ரிக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாக்கைக் கொட்டியதுமே பேப்பர் தனி, பிளாஸ்டிக் தனி, இரும்பு தனி. கேமின் அட்டைப்பெட்டியும் புத்தகமும் பேப்பரோடு போய்விடும், ஃப்ளாப்பி மட்டும்தான் மிஞ்சும். அதனால்தான் எங்களுக்கு மலிவாகக் கிடைத்தது. அதுவரை அதை லாபம் என்றே நினைத்திருந்தோம்.

அண்ணி திரையை அணைத்தாள். “போகட்டும் விடு. நாளைக்கு எந்திரிச்சுக் கொஞ்சம் நடக்கறேன்” என்றாள், சாதாரணமாக. அவள் அப்போது நான்காம் மாதத்தின் கடைசியில் இருந்தாள்.

மறுநாள் லீவு போட்டு, அந்தக் கையேட்டைத் தேடி ஆக்ரிக் கடைக்குப் போனேன். சேட்டன், பேப்பரெல்லாம் கூடு ஒட்டுகிற ஒரு சேச்சிக்குப் போனது என்றார். கூடு என்றால் மளிகைக் கடைக்கான காகிதப் பை. அந்தச் சேச்சி இரண்டு சந்து தள்ளி வாசலில் உட்கார்ந்து மைதாப் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். படம் போட்ட வழவழப்புப் பேப்பர் நினைவிருக்கிறதாம். பசை பிடிக்காமல் உயிரை வாங்கியதாம். ஒட்டிக் கொடுத்தது மசாலாக் கடைக்கு. அங்கே ஓடினேன். கடையில் கட்டித் தொங்கிய கூடுகளில் திசைகாட்டியும் நங்கூரமும் அச்சடித்த பக்கங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் கடைக்காரர் வெறும் கூடு தர மாட்டேன் என்றார். “சாமானம் மேடிச்சால் கூடு தராம் மோளே.” கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. அவர் சீரகம் நிறுத்துக் கூட்டில் போட, நான் அடுத்த கூட்டைக் காட்டி இன்னும் கொஞ்சம் சீரகம் என்றேன். பதினொன்றாவது பொட்டலத்தில், வீட்டில் கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து பதினொன்றையும் கட்டிலில் கவிழ்த்தோம். அறை முழுக்கச் சீரக வாசம். நாற்பது பக்கப் புத்தகத்தில் பாதிதான் தேறியது. இருபத்தேழு அதில் இல்லை. ஆனால் காவல்காரன் ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் கேட்பான். நம்மிடம் இருக்கும் பக்கத்தை அவன் கேட்கும் வரை விடக்கூடாது என்று அண்ணி உட்கார முயன்றாள். “படு” என்று அம்மாவும் நானும் ஒரே குரலில் கத்தினோம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எண் தெரியும். கூடுகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, திரையில் வரும் எண்ணை அண்ணி சொல்லச் சொல்ல, இல்லை இல்லை என்று தலையாட்டினாள். வெளிச்சம் ஆகாது என்று சண்டை போட்டவள் இப்போது திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து காவல்காரனை மிரட்டினாள்.

“நம்ம கிட்ட இருக்கறதக் கேளுடா, கட்டையில போறவனே.”

நான்காவது முறை கேம் திறந்தபோது அவன் பதினெட்டாம் பக்கம் கேட்டான். இருந்தது. கேட்ட வரியோ பசைக்குள் மறைந்திருந்தது. இழுத்தால் கிழியும். அம்மா கூட்டை வாங்கிப்போய், புட்டுக் குடத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியில் காட்டினாள். ஓரம் மெல்ல விரிந்தது. ‘நங்கூரம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல். அண்ணி ஒற்றை விரலில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கதவு திறந்தது. அம்மா கை தட்டியதை என் வாழ்நாளில் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு அண்ணி கேமை அவசரப்படாமல் ஆடினாள். தினமும் கொஞ்சம், அவ்வளவுதான். முடித்துவிட்டால் படுத்திருக்கக் காரணம் போய்விடும் என்றாள். ஐந்தாம் மாதம் தாண்டியது. ஏழும் தாண்டியது. அந்த வருடம் எங்கள் வீட்டில் ரசம், சாயா எல்லாவற்றிலும் சீரகம்தான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது காலேஜில் படிக்கிறாள். பழைய கேம்கள் எல்லாம் ஒரு பட்டனில் ஃபோனிலேயே வந்துவிடுகின்றன, இதற்கா இத்தனை அலைச்சல் என்று கேட்கிறாள். அவள் வரும் வரை அவள் அம்மாவைக் கட்டிலில் பிடித்து வைத்த கேம் அது.

வலி எடுத்தது ஒரு காலை நேரம். ஆட்டோ தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்போது அண்ணி என் கையை நசுக்கிக்கொண்டே சொன்னாள்: “காலைலதான்டி கேமை முடிச்சேன். உன்னைக் கூப்பிடலாம்னு பாத்தேன், அதுக்குள்ள வலி.” ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணி அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். “மதி, படுத்ததெல்லாம் மதி” என்று, போதும் என்பதை மலையாளத்தில் சொல்லி ஆட்டோவிலிருந்து இறங்கி, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தன் காலில் நடந்து படியேறினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது.