அப்பா நினைவிழந்து கிடந்தபோது

அப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்றுதான். அவர் காதுபட ஜெபம் கூடாது, அவரை என் மதத்தில் சேர்க்கப் பார்க்கக் கூடாது, செத்தபின் செங்கொடி போர்த்தி எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் எரித்துவிட வேண்டும். எண்ணினால் மூன்று வருகிறது. அவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஈரலில் புற்று முற்றி, கீழ்வேளூர் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்க முடியாமல், தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்த அன்றே, கையிலிருந்த பையை இறக்கி வைக்கும் முன் இதைக் கேட்டார். நான் "சரிப்பா" என்றேன். சொல்வதற்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது!

அந்த வாக்கைக் கேட்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. பண்ணையில் கூலியாக இருந்து, விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் ஆயுசு முழுக்கக் கொடி பிடித்து, வயசான காலத்தில் ஒரு ஏக்கரில் சொந்தமாக நாற்று நட்டவர். சாமி கிடையாது என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகமே வரவில்லை. நானோ தரங்கம்பாடியில் விடுதியில் தங்கிப் படித்தபோது கிறிஸ்துவைப் பிடித்துக்கொண்டவள். ஞானஸ்நானம் வாங்கப்போகிறேன் என்று நடுங்கிக்கொண்டு சொன்னபோது, "யோசிச்சுத்தானே சொல்ற?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குச் சிவப்புத் துண்டோடு வந்து ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லோரும் எழுந்தபோது எழுந்தார், உட்கார்ந்தபோது உட்கார்ந்தார். சங்கத்து ஆட்கள் கேலி பேசியதற்கு, "அவ புத்தி, அவ முடிவு. ஒங்களுக்கு என்ன?" என்று வாயை அடைத்தாராம்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். விசுவாசிக்கிறவர்களுக்கு நித்திய ஜீவன் என்று விடுதி நாட்களிலிருந்து கேட்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லும்போது அது ஒரு வசனம். சொந்த அப்பா பக்கத்து அறையில் எலும்பும் தோலுமாகக் கிடக்கும்போது அதே வார்த்தை கேள்வியாகிவிடுகிறது. இவர் எங்கே போவார்? நான் போகும் இடத்தில் இவர் இருக்க மாட்டாரா? கஞ்சி ஊட்டும்போதும் இதே நினைப்புதான். வெறுத்துப்போய், ஆண்டவரோடு சண்டைகூடப் போட்டேன்.

ஒரு மத்தியானம் அப்பாவுக்குப் பேச்சு குழறி, கண் மேலே செருகிவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு வந்து பார்த்தால், எவ்வளவு கூப்பிட்டும் அசைவில்லை. சாகும் தறுவாயில், போதகர் வந்துசேர நேரமில்லை என்றால், விசுவாசி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபையின் வழக்கம். பிறந்து, பிழைக்காது என்று தெரிந்த குழந்தைகளுக்குச் செய்வது அது. வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பெரிய மனிதருக்குச் செய்வதற்கல்ல. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொம்புத் தண்ணீரை எடுத்து மூன்று தரம் அவர் நெற்றியில் விட்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொன்னேன். பிறகு நெற்றியையும் தலையணையையும் துடைத்தேன். திருடியவள்கூட அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்க மாட்டாள்.

ஆம்புலன்சில் போகும்போது நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

அவர் சாகவில்லை. உடம்பில் உப்புச்சத்து இறங்கியிருந்ததாம். மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்த தோழர்களிடம், "ஏம் பொண்ணு சாமி கும்புடுறவதான். ஆனா ஒரு நாளும் ஜெபம் அது இதுன்னு ஏங்கிட்ட வந்ததில்ல. சொன்ன சொல்லு தவறாதவ" என்றார். வந்தவர்களுக்கெல்லாம் இதையே சொன்னார். நான் காப்பித் தட்டோடு நின்று கேட்டேன். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

போதகரிடம் ஓடினேன். நல்ல காரியம்தான் என்று சொல்வார் என்ற நப்பாசை. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இதைப் பதிவேட்டுல எழுத மாட்டேன்மா. நம்ம ஆண்டவர் யாரையும் அசந்த நேரத்துல பிடிக்கிறவர் இல்ல. அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றார். "இருக்கப்போற நாலு நாளும் மனசு ஒடிஞ்சு போயிடுவாரே" என்று அழுதேன். "ஆமா. ஆனாலும் அது அவரோட காரியம். அவருக்குத் தெரியணும்" என்றார். வீட்டுக்கு வரும்வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை சொன்னேன். "நீங்க நெனவில்லாம கெடந்தப்ப ஒங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டேன்பா."

அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்கப்பா ஜன்னி கண்டு கெடந்தப்ப, பண்ணை கணக்குவழக்கு பாக்குற காரியக்காரர் வந்து, அவரு வெரலுல மை தடவி, வெறும் காயிதத்துல கைநாட்டு எடுத்துட்டுப் போனாரு. குத்தகைய விட்டுக்குடுத்துட்டதா எழுதிக்கிட்டாங்க. எல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான்னாரு, அந்தாளும்."

அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன். "பயந்துட்டேன்பா. நீங்க இல்லாத எடத்துல நான் மட்டும் போயி என்னப்பா பண்ணுவேன்?"

"தெரியுது. அழுவாத" என்று தலையில் கை வைத்தார். மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மன்னித்தும் இருக்கலாம். கையை எடுக்காமலே, "ஒண்ணு செய். நான் கண்ணசர்ற நேரத்துல மாப்பிள்ளைய பக்கத்துல இருக்கச் சொல்லு. நீ இருக்க வேணாம்" என்றார்.

கணவர் லீவு போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கஞ்சி கொண்டுபோனால் அப்பா சிரித்துப் பேசுவார். ஆனால் கண் சொக்கினாலும் இமையை இழுத்துப் பிடித்து விழித்திருப்பார். அதைப் பார்க்க முடியாமல் நானே எழுந்து வந்துவிடுவேன். இப்படி ஒன்பது நாள்.

கொடி போர்த்தினோம். ஊருக்குக் கொண்டுபோய் எரித்தோம். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை ஜெபிக்காமல் நின்றேன். அதையெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டேன். அதற்கு முதல்நாள் மத்தியானத்தைத்தான் தாண்ட முடியவில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் இருந்தேன். கணவர் வெளியே வந்து, "தூக்கத்துலயே போயிட்டாரு, வா" என்றார். எழுந்து ஓடியவள் அறைவாசலில் நின்றுவிட்டேன். "உள்ள வரலாமாப்பா?" என்று கேட்டேன்.