பின் ஸ்பிரிங்கில் இன்னொரு கனம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. ஆரணியில் சைக்கிள் கடை வைத்திருந்த தனகோடிக்கு, 2005 மே மாதம், பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரிதான் வரும் என்று நினைத்து வெயிலில் தைரியமாகத் திரிகிறவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும். தனகோடிக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் கடை இன்னும் நன்றாக ஓடியிருக்கும்.

அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு மிஞ்சியது தம்பி கிரண் ஒருத்தன்தான். ஒல்லிக்குச்சி உடம்பு, சைக்கிளில் ஏறினால் காற்றாகப் பறப்பான். ஜவ்வாது மலையில் நடக்க இருந்த சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். மலை இறக்கத்தில் பின்சக்கரம் துள்ளிவிட்டால் ஆள் பள்ளத்தில்தான். அதனால் முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த அந்தப் புது சைக்கிளை வேறு யாரையும் தொட விடாமல் தனகோடியே தயார் செய்தான். தம்பி உயிர் ஆயிற்றே.

பின் ஸ்பிரிங்கைச் சரிபார்க்க அவனிடம் ஒரு வழி இருந்தது. ஸ்பிரிங்குக்குள் இருக்கும் கம்பியில் பட்டு நூல் ஒன்றைச் சுற்றிக் கட்டிவிடுவான். ஆரணியில் பட்டு நூலுக்கா பஞ்சம்? ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி நூலைத் தள்ளும். இறங்கியதும் ஸ்பிரிங் எழுந்துவிடும், நூல் மட்டும் தள்ளிய இடத்திலேயே நிற்கும். கம்பியின் நீளத்தில் கால்வாசி தூரம் தள்ளியிருந்தால் சரி. அதிகம் தள்ளியிருந்தால் மேல் வளையத்தை முறுக்கி ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். கடையில் கிரணை உட்கார வைத்துப் பார்த்தான். சரியாகக் கால்வாசி.

ஓட்டிப் பார்க்க இருவரும் கமண்டல நாக நதிக்கரைக்குப் போனார்கள். மணி பன்னிரண்டு. மேடும் பள்ளமுமான வண்டிப்பாதை. வெயிலில் ஒரு நாய்கூட இல்லை.

ஒரு சுற்று போய் வந்த கிரண் முகத்தைச் சுளித்தான்.

"பின்னாடி இன்னாமோ இழுக்குதுண்ணே."

தனகோடி நூலைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, அவனை மறுபடி உட்கார வைத்தான். இந்த முறை நூல் பாதியைத் தாண்டி நின்றது.

"இன்னாடா தின்ன? ஒரே சுத்துல ரெண்டாள் கனம் ஆயிட்டியே."

தம்பி சிரித்துக்கொண்டே இறங்கினான். ஸ்பிரிங் எழவில்லை. ஆளே இல்லாத சைக்கிள் அமுங்கியபடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து... க்ரீச்... என்று மெல்ல எழுந்தது. மணல் புகுந்திருக்கும் என்று தனகோடி எண்ணெய் விட்டான்.

அங்கேதான் தப்பு செய்தான். கனம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. கனத்துக்குத் தக்கபடி ஸ்பேனரைப் போட்டு வளையத்தை இறுக்கினான். எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வான். நூலை நகர்த்தி மறுபடி உட்கார வைத்தபோது அது கால்வாசியில் நின்றது. ரெண்டு பேர் சௌகரியமாகப் போகிற மாதிரி சைக்கிளைத் தன் கையாலேயே தயார் செய்து கொடுத்துவிட்டான்.

"இப்ப சோக்கா போகுதுண்ணே!"

கிரண் பறந்தான். தனகோடி தன் பழைய சைக்கிளில் பின்னாலேயே மிதித்தான். கண் ஸ்பிரிங் மேலேயே இருந்தது.

பாதை சமமாகிவிட்டது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

ஸ்பிரிங் அமுங்கியது... எழுந்தது... அமுங்கியது.

யாரோ பின்னால் உட்கார்ந்து எம்பி எம்பிக் குதிப்பதுபோல. அந்தச் சைக்கிளுக்குக் கேரியரே கிடையாது.

"டேய், நிறுத்துடா!"

கிரணின் தலை பின்னால் வளைந்தது. இரண்டு கையும் ஹேண்டில்பாரை விட்டுவிட்டுக் கழுத்துக்குப் போயின.

டக்... டக்... டக்... ஸ்பிரிங் அடிவரை அமுங்கி இடித்தது.

சைக்கிள் கவிழ்ந்தது. விழுந்தவன் விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. கற்களின் மேல் தரதரவென்று இழுபட்டுப் போனான்.

அவன் தலை தானாக மேலே தூக்கப்பட்டது. கல்லில் மோதியது. மறுபடி தூக்கப்பட்டது. மறுபடி மோதியது.

ரத்தம்.

தனகோடி தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், தம்பியின் முதுகுக்குப் பின்னால், வெறும் காற்றில், இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரால் பலம்கொண்ட மட்டும் அடித்தான்.

சதையில் பட்டது.

உள்ளே எலும்பு விரிசல் விடும் சத்தம் கேட்டது.

கிரண் தொப்பென்று விழுந்தான்.

தனகோடிக்கும் தோள் நெருப்பாக எரிந்தது. அதைப் பார்க்க நேரமில்லை. தம்பியை முதுகில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். வழியில் வந்த வேன் ஒன்று கண்ணமங்கலம் வழியாக அவர்களை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தது. கிரணுக்கு மூக்கு உடைந்து, முன்பற்கள் போய், கழுத்தைச் சுற்றி விரல் தடங்கள் கன்றிப்போயிருந்தன. உயிர் இருந்தது. தனகோடி வாசலிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

மறுநாள் காலையில் கிரண் கண் விழித்தான். தனகோடி அவன் கையைப் பிடிக்கப் போனான். தம்பி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினான்.

"கிட்ட வராத... நீ இன்னாத்துக்குண்ணே பின்னாடி ஏறின? காதுல, ஜல்தி போடா, ஜல்தி போடான்னு சொல்லிகினே கழுத்த நெரிச்சியே. நான் திரும்பிப் பாத்தேன். உன் மூஞ்சிதான்."

"நான் இல்லடா! அத அடிச்சி உன்ன காப்பாத்தினதே நான்தான்டா!"

கட்டுப் போட வந்த நர்ஸ் தேவிப்ரியா தனகோடியைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"இன்னாங்க இது, சட்டை முதுகெல்லாம் ரத்தமா இருக்குது?"

"தம்பியத் தூக்கினு வந்தேங்க. அவன் ரத்தம்."

அவள் விடவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னாள். பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ இரும்பால் ஓங்கி அடித்த காயம் என்றார் டாக்டர். காயத்தின் மேல் ஸ்பேனர் வாயின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"யார் உங்கள அடிச்சது?"

அந்த ஆற்றங்கரையில் ஸ்பேனர் வைத்திருந்தது தனகோடி ஒருவன்தான். கட்டிலில் இருந்த கிரண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் அண்ணனோடு ஒரே வீட்டில் படுத்ததில்லை.